பழைய பிக்கப் எஞ்சின் வாங்குவோர் முதலில் வயரைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார்களின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இக்காலத்து எஞ்சினைப் பொருத்தி ஓட்டும் 'ஹாட் ராட்' வண்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களும் வரலாறும் நன்றாக இருந்தன. ஆனால், வண்டி உடைக்கும் யார்டுகளில் கிடைக்கும் பிக்கப் எஞ்சின்களில் பெரியதும் புதியதும் எதுவோ அதைக் கையில் உள்ள பணத்துக்கேற்ப வாங்கிவிடலாம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கும் அறிவுரை, இந்த வேலை தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ளக் கூடியது அல்ல. ஷார்ஜா தொழிற்பேட்டைப் பகுதியில் நெடுங்காலம் அமெரிக்க வண்டிகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மார்த்தாண்டத்தில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் நான். விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களிலிருந்து வெளிநாடுகளுக்கு மெக்கானிக் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளில் சிலர் இத்தகைய வண்டிகளைக் கட்டும் பட்டறைகளில் இருக்கிறார்கள். சிலர் சொந்தமாக ஒன்றைக் கட்டிப் பார்க்கவும் ஆசைப்படுகிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது, "அண்ணே, எந்த எஞ்சினை எடுக்கலாம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் தங்கள் கட்டுரையின் அறிவுரைக்கு நேர் எதிரானது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இங்கே பேசப்படுவது பிக்கப் வண்டிகளிலும் பெரிய எஸ்.யூ.வி.களிலும் வரும் எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1997இல் கார்வெட் காரில் அறிமுகப்படுத்திய புதிய வி8 எஞ்சின் வரிசையை, 1999ஆம் ஆண்டு மாடலிலிருந்து செவ்ரோலே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா பிக்கப்களுக்கும் கொண்டுவந்தது; பின்னர் டாஹோ, சபர்பன், யூகான் ஆகியவற்றிலும் அதே எஞ்சின்கள் வந்தன. 4.8 லிட்டர், 5.3 லிட்டர், 6.0 லிட்டர் என்று மூன்று அளவு. லட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்டவை என்பதால் அமெரிக்க யார்டுகளில் மட்டுமல்லாமல் வளைகுடா நாடுகளின் பழைய உதிரிபாகக் கடைகளிலும் இவற்றுக்குப் பஞ்சமில்லை. ஹாட் ராட் கட்டுவோர் இவற்றை நாடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வால்வுகளை இயக்கும் ஒரே கேம் ஷாஃப்ட் பிளாக்கின் நடுவிலேயே இருந்து புஷ் ராடு வழியாக வேலை செய்வதால், எஞ்சினின் மேற்பகுதி அகலமாக விரிவதில்லை. சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட் ஒவ்வொன்றிலும் தனித்தனி கேம் வைத்த ஃபோர்டு 5.4 லிட்டர் எஞ்சினை, ஹாட் ராடுக்குப் பெயர்போன 1932 ஃபோர்டின் குறுகிய முன்பகுதிக்குள் இறக்கிப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே விளங்கிவிடும். அதிலும் 2004க்குப் பின் வந்த மூன்று வால்வு 5.4இல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போதே அது உடைந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும் தொல்லை வேறு. டாட்ஜ் ராம் வண்டியின் 5.7 ஹெமி நல்ல எஞ்சின்தான், ஆனால் அகலமானது, பழைய உதிரிபாகம் தேடுவதும் சிரமம்.

பழைய எஞ்சினை வாங்கி வேறொன்றில் பொருத்துவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கொளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் நிற்கும் விசைப்படகுகளில் ஓடுவனவற்றில் பல, லாரி எஞ்சினின் வழிவந்த டீசல் எஞ்சின்களே. ரப்பர் தோட்டங்களில் மேடேறும் பழைய ஜீப்புகளில் பிறந்தபோது இருந்த எஞ்சினே இன்றும் இருப்பது அரிது. ஆகவே எஞ்சின் பார்த்து வாங்கும் கண் நம்மவர்களுக்கு உண்டு. ஆனால் அந்தக் கண் இரும்பைப் பார்த்துப் பழகிய கண். மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் எஞ்சினுக்கு டீசலும் குளிர்விக்கத் தண்ணீரும் கொடுத்துச் சுற்றிவிட்டால் அது ஓடும். ஆக்கர் கடையிலிருந்து, அதாவது பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தாலும் ஓடும். 1999 முதல் வந்த இந்தப் பெட்ரோல் பிக்கப் எஞ்சின் அப்படி ஓடாது. பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அதற்குக் கிடையாது. எட்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக எட்டு காயில். எந்த நொடியில் எந்தக் காயில் பொறி தர வேண்டும், பெட்ரோலைப் பீய்ச்சும் எந்த இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. கம்ப்யூட்டரும் அதனோடு சேர்ந்த வயரிங்கும் இல்லாமல் வாங்கப்படும் எஞ்சின், எவ்வளவு குறைந்த கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், பாதி எஞ்சின்தான்.

யார்டுகளில் எஞ்சினை இறக்கும் விதத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இது புரியும். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. எஞ்சினுக்கும் ஓட்டுநர் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வால் பக்கம் ஒரு வெட்டு, ஃபியூஸ் பெட்டிப் பக்கம் ஒரு வெட்டு. வயர்க் கட்டு இரண்டு துண்டாகிவிடும். பிறகு எஞ்சினின் மேல் எட்டு இன்ஜெக்டர் கனெக்டர்களும் ஒரு முழ நீள வயர்களும் தொங்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர் அதைக் காட்டி, "வயரிங்கோடு தருகிறேன்" என்பார். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு யார்டிலிருந்து வந்த எஞ்சினில் கம்ப்யூட்டரும் இருந்தது, வயரும் இருந்தது. ஆனால் இரண்டும் வெவ்வேறு ஆண்டு வண்டிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. எஞ்சினுக்குக் கொடுத்த விலைக்குக் குறையாத தொகை, புதிய வயர்க் கட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் போயிற்று.

குறிப்பாக ஆக்ஸிலரேட்டர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 1999 முதல் 2002 வரை வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் உண்டு. 2003 முதல் பெரும்பாலும் மின்னணு முறை. மின்னணு முறையில் காலடியில் உள்ள பெடல், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி, இரண்டுக்கும் நடுவில் உள்ள கட்டுப்பாட்டு மாட்யூல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாக இருக்க வேண்டும். பெடல் வண்டியின் உள்ளே இருப்பதால் எஞ்சினோடு வருவதில்லை. கேட்டு வாங்கினால்தான் உண்டு. மாட்யூலும் அப்படியே. வாங்கும் அன்றே அதே வண்டியிலிருந்து இவற்றைக் கழற்றித் தரச் சொன்னால் கடைக்காரர் சில்லறைக் காசுக்குத் தந்துவிடுவார். மறுவாரம் போனால் அந்த வண்டியே அங்கே இருக்காது. கம்ப்யூட்டருக்குள் பதிந்திருக்கும் திருட்டுத் தடுப்புப் பூட்டையும் மென்பொருள் வழியாக நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணைந்துவிடும். பெட்ரோல் பம்பைச் சந்தேகித்து அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இத்தனை தொல்லை எதற்கு, கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு கார்புரேட்டர் வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தங்கள் கட்டுரையாளரும் அதை எளிய வழி என்று குறிப்பிட்டிருக்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத எஞ்சினுக்கு கார்புரேட்டர் வைத்தாலும் காயில்களை இயக்கத் தனியாக ஒரு மின்னணுப் பெட்டி வாங்க வேண்டும். கார்புரேட்டர் உட்காரும் இன்டேக் மேனிஃபோல்டையும் தனியாக வாங்க வேண்டும். மிச்சமாகும் என்று எண்ணிய பணம் அங்கே போய்விடும். பழங்காலத் தோற்றத்துக்காகச் செய்கிறோம் என்றால் செய்யட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. சிக்கனத்துக்காகச் செய்வதில் பொருளில்லை.

இனி, புதியதே நல்லது என்ற கருத்துக்கு வருகிறேன். இந்த எஞ்சின் வரிசையில் 1999 முதல் 2006 வரை பிக்கப்களில் வந்தவற்றை மூன்றாம் தலைமுறை என்றும், பெரும்பாலும் 2007 முதல் வந்தவற்றை நான்காம் தலைமுறை என்றும் சொல்வார்கள். 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் இரண்டும் கலந்து வந்தன. கிராங்க் சுழற்சியை கம்ப்யூட்டருக்கு உணர்த்தும் பல்சக்கரத்தில் மூன்றாம் தலைமுறைக்கு 24 என்ற கணக்கு, நான்காம் தலைமுறையில் பெரும்பாலானவற்றுக்கு 58. ஒன்றின் கம்ப்யூட்டர் மற்றதன் சமிக்ஞையைப் படிக்காது. இது தெரியாமல் எஞ்சினை ஓரிடத்திலும் கம்ப்யூட்டரை வேறிடத்திலும் வாங்கியவர்கள் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை, நான்காம் தலைமுறை 5.3 லிட்டர் எஞ்சின்களில் பரவலாக வந்த எரிபொருள் சிக்கன ஏற்பாடு. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது எட்டு சிலிண்டர்களில் 1, 4, 6, 7 ஆகிய நான்கையும் ஓய்வில் வைத்துவிட்டு மற்ற நான்கில் மட்டும் வண்டியை ஓட்டும் முறை அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நான்கு சிலிண்டர்களின் லிஃப்டர்கள், அதாவது கேம் ஷாஃப்ட்டின் அசைவைப் புஷ் ராடுக்குக் கடத்தும் உருளைகள், ஆயில் அழுத்தத்தால் உள்வாங்கி வெளிவரும்படி செய்யப்பட்டவை. நாளடைவில் அவற்றில் ஒன்று உள்ளேயே சிக்கிக்கொண்டால் வால்வு திறக்காது, டக் டக் என்று சத்தம் வரும், மேலும் ஓட்டினால் கேம் ஷாஃப்ட்டையும் தின்றுவிடும். ஆயில் குடிக்கிறது என்ற புகாரும் இந்த எஞ்சின்களில் அதிகம். சரிசெய்ய வேண்டுமானால் ஹெட்டைக் கழற்றி லிஃப்டர்களை மாற்றி, கேம் ஷாஃப்ட்டை மாற்றி, நடுமூடியை மாற்றி, கம்ப்யூட்டரிலும் அந்த ஏற்பாட்டை நீக்க வேண்டும். 2014 மாடலில் தொடங்கும் ஐந்தாம் தலைமுறையோ சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. அதன் உயரழுத்த பம்பை கேம் ஷாஃப்ட்டே ஓட்டுகிறது. வீட்டுக் கொட்டகையில் முதல் வண்டி கட்டும் இளைஞனுக்கு அது ஏற்றதே அல்ல.

அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 4.8க்கும் 5.3க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 96 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 83, 92 என்று மாறுகிறது. 6.0 லிட்டருக்கு விட்டம் 101.6 மில்லிமீட்டர், தூரம் அதே 92. சாதாரண 5.3 எஞ்சின் ஆண்டுக்கேற்ப 270 முதல் 295 குதிரைத்திறன் வரை தரும், 6.0இன் உயர்ந்த வகை, 2002இல் கேடிலாக் எஸ்கலேடில் வந்தது, 345. தாளில் பார்த்தால் பெரிய வேறுபாடு. ஆனால் 1932 ஃபோர்டு வி8 கார் பிறந்தபோது அதன் எஞ்சினுக்கு 65 குதிரைத்திறன். காரின் எடையோ ஏறத்தாழ 1,100 கிலோ. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட சில்வராடோவைச் சரக்கோடு இழுக்கும் எஞ்சினை அதன் ஏறத்தாழ பாதி எடையே உள்ள காரில் வைக்கும்போது, 285க்கும் 345க்கும் உள்ள வேறுபாடு டயர் புகையில்தான் தெரியும். 6.0 எஞ்சின்களைத் தேடி எல்லோரும் அலைவதால் யார்டுகளில் அவற்றின் விலை ஏறிவிட்டது. அவற்றில் பல, கனரகப் பிக்கப்களில் சுமை இழுத்துக் களைத்தவை. 1999, 2000 ஆண்டுகளின் 6.0இல் ஹெட்டும் இரும்பு, கிராங்கின் பின்விளிம்பும் நீளம். பின்னால் வந்த கியர் பாக்ஸ் அதில் நேராக உட்காராது. அலுமினிய பிளாக் வைத்த 5.3 வகைகளும் உண்டு, ஏறத்தாழ 40 கிலோ குறைவு என்பதால் அவற்றின் மீது ஆசைப்படுவது இயல்புதான். கிடைத்தால் நல்லது, அதற்காக இரட்டிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை. என் பரிந்துரை 2006க்கு முந்தைய, இரும்பு பிளாக் வைத்த, சாதாரண 5.3.

அதை அடையாளம் காண்பதும் கடினமல்ல. வண்டியின் 17 எழுத்து அடையாள எண் முன்கண்ணாடியின் அடியில் தெரியும். அதில் எட்டாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும். 'டி' (T) என்றால் சாதாரண 5.3, 'வி' (V) என்றால் 4.8, 'யு' (U) என்றால் 6.0, 'என்' (N) என்றால் உயர்ந்த வகை 6.0, 'பி' (B) என்றால் 310 குதிரைத்திறன் தரும் அலுமினிய 5.3. எஞ்சின் ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். பிளாக்கில் 4.8, 5.3 இரண்டும் சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும் என்பதால், பிளாக்கை மட்டும் பார்த்து 5.3 என்று நம்பி 4.8ஐ வாங்கிவரும் வாய்ப்பு உண்டு.

இரும்பைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிராங்க் போல்ட்டில் நீண்ட பார் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்; எங்கும் முட்டக் கூடாது. எட்டு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தால் எந்த சிலிண்டர் ஆயில் எரித்தது என்று நிறமே சொல்லிவிடும். வால்வு மூடியைத் திறந்து ஆயில் கசடு எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; சில ஹெட்களில் 'காஸ்டெக்' என்ற வார்ப்பு முத்திரை இருக்கும், அவற்றில் விரிசல் விட்டு ஆயிலில் தண்ணீர் கலந்தவை உண்டு என்பதால் அந்த முத்திரையைக் கண்டால் கூடுதல் கவனம் வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் பெரும்பாலும் தலை உடைந்தே இருக்கும். அது விலை பேசப் பயன்படும், வாங்காமல் விடக் காரணமல்ல. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் பிஸ்டன் தட்டும் ஓசையும் சூடேறியதும் மறைந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை.

ஓரிடத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மூன்றாம் தலைமுறை எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, இரண்டு ஹெட்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், எஞ்சினின் தட்டும் அதிர்வைக் கம்ப்யூட்டருக்கு உணர்த்தும் நாக் சென்சார் இரண்டு குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். அவற்றின் ரப்பர் மூடி தளர்ந்தால் மேலிருந்து வடியும் தண்ணீர் குழியில் தேங்கும். பின்பக்கத்து சென்சார் முதலில் துருப்பிடிக்கும். யார்டில் மழையிலும் காற்றிலும் மூடியில்லாமல் கிடந்த எஞ்சினில் அந்தக் குழியில் டார்ச் அடித்துப் பார்த்தால், அது எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கடலோரத்தில் கிடந்த எஞ்சின் என்றால் சென்சார் பச்சையும் செம்மையுமாகப் பூத்திருக்கும். இரண்டு சென்சாரையும் அந்தச் சிறு வயரையும் மாற்றிவிட்டுத்தான் இன்டேக்கை மூட வேண்டும். பிறகு திறப்பது இரட்டை வேலை. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றும்போது ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங்கையும் கட்டாயம் புதிதாகப் போட வேண்டும்; அது காய்ந்து வெடித்தால் காற்றை உறிஞ்சி ஆயில் அழுத்தம் விழுந்துவிடும்.

சம்ப்பை எப்படியும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். பிக்கப்பின் சம்ப் ஆழமானது. பழைய காரின் சேஸிஸில் இறக்கினால் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கிச் சாலையில் இடிக்கும். பிக்கப்பின் இன்டேக்கும் உயரம் கூடியது; பானட்டை மூட விரும்புவோர் கார் வகை இன்டேக் தேட வேண்டும், பானட் இல்லாமல் ஓட்டுவோருக்கு அந்தக் கவலை இல்லை. பெட்ரோல் அழுத்தம் ஏறத்தாழ 58 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பதால் பழைய டேங்க்கும் பழைய குழாயும் உதவா. ஹெட்டின் மேலிருந்து வரும் சிறிய ஆவிக் குழாயை அடைக்காமல் ரேடியேட்டரோடு இணைக்க வேண்டும். 1932 ஃபோர்டில் இருந்தது கம்பியால் இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். எஞ்சினுக்கு விலை பேசும் முன்பே ஹைட்ராலிக் பிரேக்குக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு நம் ஊரிலேயே இப்படி ஒன்றைக் கட்டிச் சாலையில் ஓட்டலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்காமல் யாரும் பழைய காரை அறுக்கத் தொடங்க வேண்டாம். வெளிநாட்டில் கட்டுவோரும் அந்தந்த நாட்டு விதியைக் கேட்டறிந்த பின்பே இறங்க வேண்டும்.

அடுத்த வாரம் இதே தொடரில் எஞ்சின் விலைப் பட்டியல் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் எஞ்சினின் அளவையும் குதிரைத்திறனையும் மட்டும் போடாமல், எந்த ஆண்டு, எட்டாவது எழுத்து எது, கம்ப்யூட்டர், முழு வயர்க் கட்டு, பெடல் ஆகியவை விலையில் சேர்ந்தவையா என்பதையும் தனித்தனிப் பத்தியாகச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.